பட்டாணிச் செடியும் பத்தாம் வகுப்புப் புத்தகமும்
(தில்லியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே கூலியைப் பற்றிப் பேசியிருக்கிறோம், ரேஷன் கார்டைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று உயிரியல் பாடத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இது என்ன புதுக்கூத்து என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுங்கள். இதுவும் நம் வீட்டு விவகாரம்தான்.

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் வசவு யாருக்கு? நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு வருகிறாளே, அந்த மருமகளுக்கு! ஆனால் பாடப்புத்தகம் என்ன சொல்லுகிறது? தாயிடம் இருப்பவை இரண்டும் எக்ஸ் குரோமோசோம். அவள் எக்ஸைத் தவிர வேறெதையும் கொடுக்க முடியாது. தந்தையிடம்தான் எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு. அவனிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். அதுவும் அவன் விருப்பப்படி நடப்பதில்லை. அப்படியிருக்க, மருமகளை ஏசும் மாமியார்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டாமா?

பட்டாணிக் கதைக்கு வருவோம். இன்று செக் நாட்டிலே இருக்கிற பிர்னோ நகரத்து மடத்தில் மெண்டல் என்றொரு பாதிரியார் இருந்தார். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தார். பிறந்தவை அத்தனையும் நெட்டை. குட்டை ஒழிந்துவிட்டதா? இல்லை. அந்த நெட்டைகளின் விதையை விதைத்துப் பார்த்தார். 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்திருந்தது திரும்பி வந்தது. 1866இல் இதை அச்சிட்டார். உலகம் 1900 வரை திரும்பிப் பார்க்கவில்லை.

நம்மவர்கள் இதைக் கேட்க வேண்டிய காரணம் உண்டு. அக்காள் மகளைக் கட்டுகிறோம், மாமன் மகளைக் கட்டுகிறோம். அக்காள் மகளுக்குத் தாத்தா பாட்டி யார்? மாப்பிள்ளையின் அப்பா அம்மாதான். அவர்களில் ஒருவரிடம் நோய்க்கூறு ஒன்று மறைந்திருந்தால், அது மாப்பிள்ளைக்கும் வரலாம், பெண்ணுக்கும் வரலாம். இருவரிடமும் இருந்துவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. தலாசீமியா என்னும் இரத்த நோய் இப்படித்தான் வருகிறது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் கலைத்துப் போடுவது போலத்தான். சொந்தத்தில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் குறையோடு பிறந்தால் தெய்வக் குற்றம், செய்வினை என்று கடன் வாங்கிப் பரிகாரம் செய்கிறோமே, அதைத்தான் நிறுத்தச் சொல்லுகிறோம்.

இப்போது அரசியலுக்கு வருகிறோம். 2018 ஜனவரியில் மத்திய அரசின் மனிதவள இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை என்றார். குரங்கு மனிதனாயிற்று என்று டார்வின் எங்கே சொன்னார்? இருவருக்கும் வெகுகாலத்துக்கு முன்னே பொதுவான மூதாதை இருந்தது என்பதல்லவா கொள்கை! பிறகு நடந்தது என்ன? ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றிருந்த பத்தாம் வகுப்புப் பாடம், 2023இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் வெறும் ‘பாரம்பரியம்’ ஆயிற்று. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லுகிறார்கள். அங்கே உயிரியல் எடுப்பவர் எத்தனை பேர்? நம் பிள்ளைகளில் பலருக்குப் பத்தோடு படிப்பே முடிந்துவிடுகிறது.

பரிணாமம் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், இருமல் நின்றதும் இரண்டே மாதத்தில் விட்டுவிடுகிறார். மருந்துக்கு எளிதில் மடிகிற கிருமி மடிந்துவிட்டது. தாக்குப்பிடிக்கிற சில கிருமி தப்பிப் பெருகுகிறது. பிறகு அதே மாத்திரை கேட்பதில்லை. அந்தக் கிருமி பக்கத்து வீட்டுக்கும் போகிறது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு, தோழர்களே, நம் சந்துக்குள்ளேயே நடக்கிறது!

ஆகவே ஞாயிறு மாலை வகுப்பிலே விட்டுப்போன பாடத்தை நாமே நடத்தப் போகிறோம். தாய்மார்களும் வரலாம். 2023க்கு முன் அச்சான பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் எந்த வீட்டிலாவது கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாமல் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.