முதலில் பயிற்சி, பிறகுதான் கேமரா

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வீடியோ தொழில் செய்யும் குழு உறுப்பினர்கள் பேசியது)



நாங்கள் மூன்று பேர். ஊர் ஊராகப் போய் வளைகாப்பு, காதணி விழா, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துத் தருகிறோம். “இதுக்கு என்ன கேமரா வாங்கணும், எவ்வளவு கடன் கேட்கணும்?” என்று பல குழுக்களில் கேட்கிறீர்கள். நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறோம். கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

குழுவில் 70,000 ரூபாய் கடன் எடுத்து, கடையில் காட்டிய பெரிய கேமராவை வாங்கினோம். தனி மைக் வாங்கக் கையில் காசு இல்லை. பொத்தானை அழுத்தினால் எடுக்கப்போகுது, இதுக்கு எதுக்குப் பயிற்சி என்று இருந்துவிட்டோம்.

இரண்டாவது வேலை, பக்கத்து ஊரில் ஒரு வளைகாப்பு. பெண்ணின் அப்பத்தா, வளையல் போட்டுக்கொண்டே பழைய நலங்குப் பாட்டு ஒன்றைப் பாடினார். கூடியிருந்தவர்கள் கண் கலங்கினார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கிறது, பாட்டைக் காணோம்! மைக் செட் சத்தமும் பாத்திரச் சத்தமும்தான் கேட்கிறது. மூன்றே மாதத்தில் அப்பத்தா இறந்துவிட்டார். “அப்பத்தா குரல் மட்டும் இருந்தா போதும்க்கா” என்று அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். குரலை எங்கே போய் வாங்கிக் கொடுப்பது? அதன்பிறகு அந்த ஊரில் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

அப்புறம்தான் பயிற்சிக்குப் போனோம். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பல மாவட்டங்களில் புகைப்படம், வீடியோ பயிற்சியும் உண்டு. உங்கள் மாவட்டத்தில் எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். அங்கே கற்றதில் முக்கியமானது இது: தூரத்தில் உள்ள முகத்தை லென்ஸ் கிட்டே இழுத்துக் காட்டும். குரலை அப்படி இழுக்க முடியாது. மைக்தான் வாய்க்குப் பக்கத்தில் போகணும்.

படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் 1984-லேயே வீடியோ பயிற்சி எடுத்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்.

பொருள் வாங்கும் வரிசையைச் சொல்கிறோம்:

1. கையில் இருக்கும் செல்போனிலேயே முதலில் பழகுங்கள். சொந்தக்காரர் விசேஷங்களை இலவசமாக எடுத்துப் பாருங்கள்.

2. முதலில் வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் சின்ன மைக். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் எடுத்து, காதில் போட்டுக் கேளுங்கள்.

3. அடுத்து ஸ்டாண்டு. கை நடுங்கினால் படமும் நடுங்கும்.

4. மெமரி கார்டு இரண்டு, பவர் பேங்க் ஒன்று. சாதாரண ஃபுல் ஹெச்.டி. வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 8 ஜிபி பிடிக்கும். போலிக் கார்டும் விற்கிறார்கள், வாங்கியதும் முழுதாக நிரப்பிப் பாருங்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் ஏற்றி வைத்த பிறகுதான் கார்டை அழிக்கணும்.

5. பெரிய வேலை வந்தால் கேமராவை வாடகைக்கு எடுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் பணம் மாதத் தவணையைத் தாண்டும்போது சொந்தமாக வாங்கலாம்.

வாங்குமுன் அத்தனையையும் ஒரு பையில் போட்டு, பஸ் நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். நம்மிடம் கார் இல்லை. தூக்க முடியாத பொருள் வீட்டில்தான் கிடக்கும்.

இன்னொன்று. வீட்டார் சம்மதம் இல்லாமல் ஒரு படத்தையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். நம்பித்தான் நம்மை வீட்டுக்குள் விடுகிறார்கள்.

எங்கள் கடன் போன தவணையோடு முடிந்தது. இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் மைக் குத்துகிறோம்.