நம் ஹால் மைக்கும் ஒரு பிழைத்திருத்தப் பதிவும்

(குடியரசு தின விழாவில் நம் சங்க ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கை தூக்கியவர்களுக்கு நன்றி. முன்வரிசையில் யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அதற்கும் நன்றி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது நம் ஹாலுக்குப் புதிது.

போன வருடப் பொதுக்குழு உங்களுக்கு நினைவிருக்கும். பொருளாளர் கணக்கு வாசித்தபோது பின்னாலிருந்து "கேக்கல, கேக்கல" என்று குரல். வால்யூமைக் கூட்டினோம். அடுத்துப் பேசியவர் சம்ப் மோட்டார் விஷயத்தில் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு முழங்கினார். காது மெஷின் போட்டிருக்கும் ஏ பிளாக் அம்மா பாதியில் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு விழாவுக்கு அவர்கள் வரவே இல்லை. கூப்பிடப் போனபோது, "அந்தச் சத்தம் தாங்காதுப்பா" என்றார்கள்.

இதற்கு ஒரு பெட்டி உண்டு, பெயர் கம்ப்ரஸர். செயற்குழுவில் சொன்னதும் "ஏசிக்கா, ஃப்ரிட்ஜுக்கா சார்?" என்று கேட்டார்கள். இது காற்றை அமுக்குவதில்லை, ஓசையின் ஏற்ற இறக்கத்தை அமுக்குகிறது. நான் பி.காம். படித்தவன், எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். வருமான வரிக்கு ஒரு வரம்பு இருக்கிறது அல்லவா? வரம்புக்குள் உள்ளதை யாரும் தொடுவதில்லை. அதைத் தாண்டியதில்தான் பிடித்தம். கம்ப்ரஸரில் 4க்கு 1 என்று வைத்தால், வரம்பைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொரு 4 டெசிபலுக்கும் 1 டெசிபல்தான் வெளியே போகும். முழங்குபவர் அடங்குவார். பிறகு மொத்தத்தையும் சற்று உயர்த்தினால் மெல்லப் பேசுபவரும் கேட்பார். வால்யூம் குமிழ் அருகே எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்து செய்யும் வேலையை இது நொடிக்குள் செய்கிறது.

நாங்கள் செய்தது 1176 என்ற பழைய அமெரிக்கக் கம்ப்ரஸரின் வழியில் அமைந்த கிட். ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் 1960களின் பிற்பகுதியில் வடிவமைத்தது. அதுவரை வால்வுகள் செய்த வேலையை ஃபெட் என்ற சின்ன டிரான்சிஸ்டரிடம் கொடுத்தார். அந்த ஃபெட் ஒரு தானியங்கி வால்யூம் குமிழ் மாதிரி. ஓசை கூடினால் இன்னொரு பாதை அதை அளந்து, 'குறை' என்று அதற்கு ஆணை அனுப்பும். அதிவேக நிலையில் 20 மைக்ரோ நொடியில், அதாவது ஒரு நொடியை 50,000 ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்கில், செயல்படத் தொடங்கும். பெட்டி 19 அங்குல ரேக்கில் பொருந்தும், உயரம் மூன்றரை அங்குலம்.

ரெடிமேடாக வாங்காமல் ஏன் செய்தோம்? விலை ஒரு காரணம். பழுதானால் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. உண்மையான காரணம், எனக்கு ஆசை. செயற்குழு பணம் ஒதுக்கியது. கை நடுங்காமல் சோல்டரிங் வைக்க பி பிளாக்கிலிருந்து பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி வந்தான். பாகங்களைப் பிரித்து, மதிப்பு எழுதி, அட்டையில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அதைப் போர்டில் பொருத்துவது அவன் வேலை.

முதல் நாளே தம்பி கேட்டான்: "அங்கிள், ரெசிஸ்டரை எல்லாம் மீட்டர்ல ஒருதடவை பாத்துடலாமா?" நான் சொன்னேன்: "பேங்க்ல 34 வருஷம் கட்டுக் கட்டா எண்ணினவன்டா நான். கலர் கோடு படிக்கத் தெரியாதா?" அவன் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் இப்படி ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் கிட்டின் டிரான்ஸ்ஃபார்மரில் 115 வோல்ட் சுற்றுகள் இரண்டு இருக்கலாம். நம் 230 வோல்ட்டுக்கு இரண்டையும் தொடராக இணைக்க வேண்டும். பக்கவாட்டில் இணைத்தால் போச்சு. உலோகப் பெட்டிக்கு எர்த் கட்டாயம், ஃபியூஸ் கட்டாயம். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது பழைய குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். எங்கள் பல்ப் ஒருமுறை மினுக்கி அடங்கியது. பிறகு பவர் சப்ளையை அளந்தோம். இந்த வகைக்கு பிளஸ் 30 வோல்ட், மைனஸ் 10 வோல்ட் வர வேண்டும், இரண்டும் வந்தன. தம்பி துள்ளிக் குதித்தான்.

மைக்கை மிக்சரில் கொடுத்து, மிக்சரிலிருந்து பெட்டிக்குக் கொடுத்தோம். குரல் சுத்தமாக வந்தது. ஆனால் அமுங்கவில்லை. கத்தினால் கத்தல், முணுமுணுத்தால் முணுமுணுப்பு. மீட்டர் முள் மட்டும் ஏதோ அமுக்குகிற மாதிரி நன்றாக ஆடியது. முள்ளை நம்பினோம். ஆணை சரியாக வருகிறது, ஃபெட்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினோம். புது ஃபெட் வரவழைத்து மாற்றினோம். பலன் இல்லை. இன்னொன்று மாற்றினோம். அப்போதும் அப்படியே. இரண்டு வாரம் போயிற்று.

அந்த மாதச் செயற்குழுவில் "என்ன ஆச்சு சார் மிஷின்?" என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை அங்கே இருந்தவர்கள் கேட்டிருக்கிறீர்கள். "பையனோட சோல்டரிங் சரியில்லை, அதான் தாமதம்" என்றேன். அவன் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறுநாளிலிருந்து தம்பி வரவில்லை. மூன்று வாரம் லிஃப்ட்டில் பார்த்தாலும் செல்போனையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

தனியாக உட்கார்ந்தபோதுதான் பழைய வேலை நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய கிளையில் சாயங்காலம் டாலி ஆகவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது. அப்போது யாரும் கண்ட லெட்ஜரையும் திருத்தமாட்டார்கள். எந்த இடம் வரை கணக்கு சரி, எந்த இடத்திலிருந்து தப்பு என்று பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வருவோம். இங்கே நான் செய்தது டாலி பார்ப்பதல்ல, கண்ணை மூடிக்கொண்டு ஃபெட் மாற்றுவது.

செல்போனில் ஒரே சீரான 400 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு உள்ளே கொடுத்தேன். மலிவான மல்டிமீட்டர்கள் உயர்ந்த அலைவரிசையில் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டுவதில்லை, அதனால் 400. சர்க்யூட் படத்தை மேஜையில் விரித்து, நடுவில் ஓரிடத்தில் அளந்தேன். அதுவரை சரி. மீதியின் நடுவில் அளந்தேன். அதுவும் சரி. அப்படியே அளந்துகொண்டு போனதில், ஆணை போகும் பாதையில் ஒரு ரெசிஸ்டருக்கு முன்னால் நல்ல அளவு, பின்னால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

கரண்ட்டை எடுத்து, கண்டென்சர்கள் இறங்கும்வரை காத்திருந்து, அந்த ரெசிஸ்டரை அளந்தேன். அது 4.7 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடம். மீட்டர் 11 கிலோவுக்கு மேல் காட்டியது. போர்டில் இருக்கும்போது பக்கத்துப் பாகங்களால் மதிப்பு குறைவாகத் தெரியலாம், கூடுதலாகத் தெரியாது. அப்படியானால் பாகமே தப்பு. ஒரு காலைக் கழற்றி அளந்தேன்: 47 கிலோ ஓம். அந்த 4.7 எங்கே போனது என்று தேடினேன். மீட்டர் பகுதியில், 47 இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் ஆணை சுண்டிப்போயும் முள் மட்டும் தாராளமாக ஆடியிருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், இதற்கு ஈடுசெய் பிழை என்று பெயர். ஒன்று இன்னொன்றின் இடத்தில் இருந்ததால் பையில் எதுவும் மிஞ்சவில்லை, எதுவும் குறையவில்லை. எண்ணிக்கை டாலி ஆயிற்று. இருப்பாய்வு ஒத்துப்போனாலும் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு பாடமும் உண்டு. வித்தியாசத் தொகை 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார். 47,000இல் 4,700 போனால் 42,300. நாலும் இரண்டும் மூன்றும் ஒன்பது. சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது.

ஏனென்றால் அட்டையில் 4.7 என்று எழுதி ஒட்டியது என் கையெழுத்து. நீல நிற ரெசிஸ்டரில் இந்த இரண்டுக்கும் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம், பழுப்பா சிவப்பா என்று. தம்பி நான் எழுதிக் கொடுத்த இடத்தில் நான் கொடுத்ததை வைத்தான். அவன் சோல்டரிங் ஒன்றில்கூடக் குறை இல்லை, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். பேங்கில் எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவர். நான் இரண்டையும் நானே செய்துகொண்டேன். சரிபார்க்க முன்வந்த பையனின் வாயையும் அடைத்தேன். பிறகு கண் டாக்டரிடம் போனபோது இரண்டு கண்ணிலும் புரை என்றார். அதனால் நிறங்களும் மங்கித் தெரியுமாம். கண் மங்கியது என் தவறல்ல. மீட்டரை எடுக்காதது என் தவறு.

மறுநாள் பி பிளாக் போய் அவன் அம்மா முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவன், "பரவால்ல அங்கிள், வேலை செய்யுதா?" என்றுதான் கேட்டான். இரண்டையும் இடம் மாற்றி அவனே சோல்டர் வைத்தான். ஃபெட்டின் பயாஸை, அமுக்கும் பகுதியைச் சேர்த்ததும் ஓசை 1 டெசிபல் இறங்கும் இடத்தில் நிறுத்தினான். அதுதான் இதற்கான முறை. மைக்கில் நான் கத்தினேன். பெட்டி அமுக்கியது.

இனி இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: 4 என்ற பொத்தான் பேச்சுக்குப் போதும். முள் ஐந்தாறு டெசிபலுக்குமேல் இறங்காதபடி இன்புட்டை வையுங்கள். அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் வலப்பக்கம் திரும்பத் திரும்ப வேகம் கூடும், பலர் நேர்மாறாக நினைப்பார்கள். மைக் ஊளையிட்டால் அதை இந்தப் பெட்டி தீர்க்காது. அவுட்புட்டை ஏற்றினால் ஊளை கூடத்தான் செய்யும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. லெட்ஜரில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. அதே புத்தகத்தில் பிழைத்திருத்தப் பதிவு போட வேண்டும். தம்பியின் வேலை சரியில்லை என்று நான் சொன்னது உங்கள் முன்னால், இந்த ஹாலில். அதனால் உங்கள் முன்னால், இதே ஹாலில், அவன் செய்து கொடுத்த இந்தப் பெட்டியின் வழியாகவே சொல்கிறேன்: தவறு என்னுடையது. செயலாளர் இதை மினிட்ஸில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏ பிளாக் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லப்பா. எல்லோரும் பார்க்கட்டும்.