ஒரு பாக்கெட் விதையில் கற்றுக்கொண்டது

(கோத்தகிரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிராக்கோலியைப் பத்திப் பேசச் சொன்னாங்க. பச்சைப் பூக்கோசுன்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அதுதான். இதை நான் நல்லா வளர்த்ததனால பேசக் கூப்பிடலை. முதல்ல கெடுத்தவள் நான்தான், அதனால கூப்பிட்டாங்க!

குழுவில் 1,000 ரூபாய் உள்கடன் எடுத்து விதையும் உரமும் வாங்கினேன். விதை கடுகு மாதிரிதான் இருக்கும். ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 300 விதை. ஆசையில் பாக்கெட் முழுவதையும் ஒரே பாத்தியில் தூவி, காலையும் மாலையும் தண்ணி ஊத்தினேன். நெருக்கமா, அழகா முளைச்சது. நாலாம் நாள் பார்த்தா தண்டு மண்ணை ஒட்டின இடத்துல கருத்து, கொத்துக் கொத்தா சாய்ஞ்சு கிடக்கு. நாற்றழுகல் நோயாம். விதைக்காரர் ஏமாத்திட்டார்னு திட்டினேன். தப்பு என்னோடதுதான். நெருக்கமும் ஈரமும்தான் அந்த நோய்க்குத் தீனி.

மிச்சமிருந்த நாத்தை எடுத்து வளர்த்தேன். அதுவும் போச்சு. நாற்றங்காலுக்கு முட்டைக்கோஸ் போட்ட இடத்து மண்ணை அள்ளிப் போட்டிருந்தேன். நட்ட பிறகு வெயில் நேரத்துல இலை வாடும், சாயங்காலம் நிமிரும். பிடுங்கிப் பார்த்தா வேர் மஞ்சக்கிழங்கு மாதிரி வீங்கியிருக்கு. நம்ம மலையில கோஸ் போடுறவங்களுக்கு இந்த வேர்வீக்க நோய் தெரியும். புளிப்பு மண்ணில் அதிகம் வரும், வந்தா பல வருஷம் மண்ணை விட்டுப் போகாது. அந்த இடத்துல கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எதுவும் போடாதீங்க. பீன்ஸோ உருளையோ போடலாம். மண் புளிப்பா இருந்தா நடுறதுக்குச் சில வாரம் முன்னாடியே சுண்ணாம்பு போடணும். எவ்வளவுன்னு மண் பரிசோதனை செய்து கேட்டுக்குங்க.

இப்போ நான் செய்றது இதுதான். தயிர் கப், டீ கப்புல அடியில ஓட்டை போட்டு, சலிச்ச மக்கிய எருவும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்புறேன். குழித்தட்டு இருந்தா இன்னும் நல்லது. கப்புக்கு ரெண்டு விதை, அரை விரக்கடைக்கு மேல ஆழம் வேண்டாம். மேலே ஈரத் துணியோ பேப்பரோ மூடி வைப்பேன். நம்ம குளிர்ல முளைக்க ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். முதல் முளை தெரிஞ்ச அன்னிக்கே மூடியதை எடுத்துடணும். ஒரு நாள் மறந்து தேயிலை பறிக்கப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா நாத்தெல்லாம் நூல் மாதிரி நீண்டு கிடந்தது. வெளிச்சம் இல்லைன்னா அப்படித்தான். பிறகு ரெண்டுல நல்லதை வச்சுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க. தண்ணி காலையில ஒரு வேளை போதும், மேல்மண் காய்ஞ்சா மட்டும்.

நாலஞ்சு இலை வந்ததும், 4 அல்லது 5 வாரத்துல, நட்டுடணும். நடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தண்ணியைக் குறைச்சு வெளியில வச்சுப் பழக்குங்க. கப்புலேயே ரொம்ப நாள் விட்டா வேர் சுத்திக்கும், பூ எலுமிச்சம்பழம் அளவோட நின்னுடும். செடிக்குச் செடி ஒண்ணரை அடி.

கீழ்நாட்டுல கட்டிக் கொடுத்த என் தங்கச்சியும் விதை கேட்டா. மேட்டுப்பாளையம் பக்கம் வெயில்ல பூ இறுகாது. அக்டோபர்ல விதைச்சா டிசம்பர், ஜனவரிக் குளிர்ல பூ வரும்னு சொல்லி அனுப்பினேன்.

மொட்டு இறுக்கமா, பச்சையா இருக்கும்போதே அறுங்க. மஞ்சள் தெரிஞ்சா தாமதமாயிடுச்சு. நடுப்பூவை அறுத்ததும் செடியைப் பிடுங்கிடாதீங்க. பக்கத்துல சின்னச் சின்னப் பூ வந்துக்கிட்டே இருக்கும். அதுதான் எங்க வீட்டுக் குழம்புக்கு. தண்டைத் தோல் சீவிப் பொரியல் பண்ணலாம், இளம் இலையைக் கீரையாட்டம் வதக்கலாம்.

இன்னொண்ணு. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு 15, 20 விதை போதும். மூணு வாரம் விட்டு இன்னும் 20 போட்டா பூ ஒரே நாள்ல வந்து குவியாது. அதனால ஒரு பாக்கெட்டை ஒருத்தி வாங்க வேண்டியதில்லை, குழுவா வாங்கிப் பிரிச்சுக்கலாம். மிச்ச விதையை ஈரம் படாத டப்பாவில் இறுக்கி வச்சா ரெண்டு மூணு வருஷம் முளைக்கும். ஒட்டுரக விதைன்னா அதுல விதை எடுத்து வைக்காதீங்க, தாய் மாதிரி வராது.

என் கடனை வட்டியோட கட்டிட்டேன், தேயிலைக் கூலியில்தான் கட்டினேன். இந்தத் தடவை பாக்கெட்ல பாதிக்கு மேல மிச்சம் இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வரேன். வேணும்கிறவங்க காகிதப் பொட்டலம் கொண்டு வாங்க, ஆளுக்கு 20 விதை தரேன். கோஸ் போட்ட மண்ணை மட்டும் அள்ளிடாதீங்க.