ஒரே பொருளுக்குப் பல விலை ஏன்?

(போனக்காடு தோட்டத் தொழிலாளர்களிடையே நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



துணி துவைக்கும் சோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆலையில், ஒரே நாளில், ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. உறையின் மீதுள்ள விலையும் ஒன்றே. திருவனந்தபுரம் நகரத்துப் பேரங்காடியில் அது அச்சிட்ட விலைக்குக் கீழே கிடைக்கிறது. விதுரா கடைவீதியில் தெரிந்த முகமாக இருந்தால் ஒரு ரூபாய் குறைகிறது. மலையேறித் தோட்டத்துக் கடைக்கு வந்து சேரும்போது அச்சிட்ட விலை முழுமையாக வாங்கப்படுகிறது. பற்றுக் கணக்கில் எழுதினால் அதற்கு மேலும் போகிறது. ஆக, கையில் அதிகம் உள்ளவர் குறைவாகக் கொடுக்கிறார். கையில் ஒன்றுமில்லாதவர் அதிகம் கொடுக்கிறார். இது ஏன் என்று லயத்துப் பெண்கள் கேட்கும் கேள்விக்குக் கட்சி ஊழியர் விடை சொல்லியாக வேண்டும்.

உடனே நாவில் வரும் விடை, கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்பது. அந்த விடையோடு நின்றுவிட்டால் உண்மையான கொள்ளை கண்ணில் படாமலே போய்விடும்.

முதலில், உறையில் அச்சிட்ட அந்த விலை என்ன என்று பார்ப்போம். பொதி செய்த பண்டங்களுக்கான விதிகள் 1977இல் வந்தன. உள்ளூர் வரிகள் நீங்கலாக என்று அச்சிடுவதற்கு அப்போது இடம் இருந்தது. வரி என்ற பெயரில் கடைக்காரர் விரும்பியதைச் சேர்த்துக்கொண்டார். எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையை, அதாவது எம்.ஆர்.பி.யை, அச்சிடும் ஏற்பாடு 1990இல் வந்தது. இன்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொதிப்பொருள் விதிகளும் அதை ஆள்கின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சிட்டு, விமான நிலையத்துக்கு ஒன்று, தெருக்கடைக்கு ஒன்று என்று அனுப்பும் தந்திரம் 2018 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது.

இவை பயனுள்ள விதிகளே. ஆனால் அந்த உச்ச விலையைக் குறிப்பவர் யார்? உற்பத்தி நிறுவனமே. அத்தியாவசிய மருந்துகள் போன்ற சில பண்டங்களை விட்டால், நிறுவனத்தின் செலவுக் கணக்கை எந்த அரசு அதிகாரியும் சரிபார்ப்பதில்லை. கூரையைப் போட்டவரே அதன் உயரத்தையும் தீர்மானிக்கிறார். அந்தக் கூரைக்கும் ஆலை வாசல் விலைக்கும் இடையே உள்ள வெளியில்தான் மொத்த வியாபாரியும் பேரங்காடியும் சிறுகடையும் தத்தம் பங்குக்காக மோதுகின்றனர்.

சட்டத்தின் கண் யார் மீது விழுகிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஜீப்பில் ஏற்றிவந்த சோப்புக்கு மலைக்கடைக்காரர் ஒரு ரூபாய் கூட்டி வாங்கினால் அது குற்றம். நட்சத்திர விடுதி ஒரு தண்ணீர்ப் புட்டியை எம்.ஆர்.பி.க்கு மேல் எத்தனை ரூபாய்க்கும் விற்கலாம். அங்கே விற்கப்படுவது தண்ணீர் மட்டுமன்று, சேவையும் சேர்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. மலையேற்றிக் கொண்டுவருவது மட்டும் சேவைக் கணக்கில் வரவில்லை.

இனி, அந்த இடைவெளி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பு பெரும் நிறுவனங்களுக்கு எதிராக வெளிப்படையாகக் குரல் எழுப்பியது. தாங்கள் சிறுகடைக்குச் சரக்குப் போடும்போது கடைக்காரருக்குக் கிடைக்கும் ஆதாயம் 8 முதல் 12 சதவீதம் வரை. ஜியோமார்ட், மெட்ரோ, உடான் போன்றவை வழியாக அதே சரக்கு போகும்போது அந்த ஆதாயம் 15 முதல் 20 சதவீதம் வரை. ஒரே நிறுவனம் ஒரே சரக்கை இரு விலைக்குத் தருவது எந்த நியாயம் என்பது அவர்களது குற்றச்சாட்டு. 2022 ஜனவரியில் மகாராட்டிரத்தில் சில பண்டங்களின் விநியோகத்தையே அவர்கள் நிறுத்தினர். பிறகு நடந்தது என்ன? குற்றச்சாட்டில் இடம்பெற்ற மெட்ரோவின் இந்திய வணிகத்தை 2023இல் ரிலையன்ஸ் 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 2024இல் அதே கூட்டமைப்பு, பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சரக்கை இறக்கும் நிறுவனங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்றுச் சிறுகடைகளை அழிக்கின்றன என்று போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டியது.

ஆகவே பேரங்காடியின் மலிவு அந்த முதலாளியின் தாராள மனத்தால் வந்ததன்று; அவரது திறமையால் மட்டும் வந்ததும் அன்று. பெரிய கொள்முதலைக் காட்டி உற்பத்தி நிறுவனத்திடமிருந்து அவர் பறித்துக்கொண்ட பங்கில் ஒரு சிறு துண்டை, போட்டியாளர் ஒழியும் வரை, வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்கிறார். உற்பத்தி நிறுவனமோ அங்கே இழந்ததைச் சிறுகடைக்குப் போகும் சரக்கில் ஈடுகட்டப் பார்க்கிறது. நகரத்து மலிவும் மலையின் விலையேற்றமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

முதலாளித்துவத்தின் தலைமையகமான அமெரிக்காவிலேயே இது ஒரு காலத்தில் கிளர்ச்சிக்குரிய பிரச்சினையாக இருந்தது. சங்கிலித்தொடர்க் கடைகளின் வளர்ச்சியால் நசிந்த சிறு வணிகர்களின் நெருக்குதலால், போட்டியிடும் கடைகளுக்கிடையே ஒரே சரக்கை வெவ்வேறு விலைக்குத் தருவதைக் கட்டுப்படுத்தும் ராபின்சன்–பேட்மன் சட்டம் 1936இல் நிறைவேறியது. 1980களுக்குப் பிறகு அது பெரும்பாலும் ஏட்டில் உறங்கியது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் பாரபட்ச விலை விதிப்பதை மட்டுமே குற்றமாக்குகிறது. ஆதிக்கத்தை நிரூபிக்கும் சுமையைத் தாண்டிச் சிறுகடைக்காரர் நீதி பெறுவது எளிதன்று.

இந்த வேறுபாட்டுக்குப் பல்கலைக்கழகப் பொருளியல் தரும் விளக்கம் வேறு. ஒரே சந்தையில் ஒரே பண்டத்துக்கு ஒரே விலைதான் நிலைக்கும் என்பது அதன் பழைய பாடம். நடைமுறை அதைப் பொய்யாக்கவே, 1961இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு திருத்தம் சொன்னார்: எங்கே மலிவு என்று தேடுவதற்கும் செலவு உண்டு, தேடுதலின் செலவு அதன் பயனை விஞ்சும் இடத்தில் வாங்குபவர் தேடுவதை நிறுத்திவிடுவார், ஆகவே விலைகள் வேறுபடும். இது பொய்யன்று. நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், நாளொன்றுக்குச் சில நடை பேருந்து மட்டுமே உள்ள போனக்காட்டில், தேடுதலின் செலவு என்பது பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் வேலையும். ஆனால் சிலருக்கு மட்டும் தேடுதல் ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது என்ற கேள்வியின் வாசலில் அந்தப் பொருளியல் நின்றுவிடுகிறது. 1963இல் டேவிட் காப்லோவிட்ஸ் நியூயார்க் நகரின் ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்து, ஏழைகளே அதிக விலை கொடுக்கின்றனர் என்று தம் நூலின் தலைப்பிலேயே எழுதினார். அங்கே மலையும் இல்லை, காடும் இல்லை. தவணைக் கடன் இருந்தது.

மார்க்ஸ் இந்தப் பிரச்சினையை இரண்டு இடங்களில் தொடுகிறார். 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில், சரக்கை இடம் பெயர்த்துக் கொண்டுபோகும் உழைப்பு அதன் மதிப்பில் சேர்கிறது என்கிறார். இதன்படி, மலையேறி வந்த சோப்பும் விதுராவில் இருக்கும் சோப்பும் மதிப்பில் முற்றிலும் சமமல்ல. ஓட்டுநரின் உழைப்பும் எரிபொருளும் அதில் ஏறியிருக்கின்றன. எனவே மலைக்கடையின் கூடுதல் விலையில் ஒரு பகுதி நியாயமானது என்பதைக் கட்சி ஊழியர் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு சோப்பின் மீது விழும் ஜீப் வாடகை சில காசுகளே. மிச்சம் எங்கிருந்து வருகிறது?

அதற்கான விடை முதல் பாகத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பலரும் படிக்காமல் தாண்டிவிடும் ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது. தொழிலாளி முதலில் உழைத்துவிட்டுப் பிறகே கூலி பெறுகிறார். ஆகவே முதலாளிக்குக் கடன் கொடுப்பவர் தொழிலாளியே என்று நிறுவும் மார்க்ஸ், அதன் விளைவுக்குச் சான்றாக இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் உள்ள ஹார்னிங்ஹாம் என்ற சிற்றூரைக் காட்டுகிறார். அங்கே கூலி மாதம் ஒருமுறை. அதுவரை தொழிலாளி கடனுக்கே வாங்க வேண்டும்; கடன் கொடுக்கும் கடையை விட்டு வெளியேறவும் முடியாது. வேறிடத்தில் 1 ஷில்லிங் 10 பென்சுக்குக் கிடைக்கும் அதே மாவுக்கு அவர் 2 ஷில்லிங் 4 பென்சு கொடுத்தார். 22 பென்சு மாவு 28 பென்சு ஆயிற்று. நூற்றுக்கு 27 கூடுதல். 1864ஆம் ஆண்டின் அரசுப் பொதுச் சுகாதார அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கு இது. மாவில் வேறுபாடு இல்லை. கூலி நாளில்தான் வேறுபாடு. அதே அடிக்குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு: ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி, கில்மார்னக் ஊர்களின் துணி அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, மாதக் கூலியை இரு வாரத்துக்கு ஒருமுறை கூலியாக மாற்றினர். மலிவு விலைக்கான போராட்டமாகவும் அது இருந்தது.

ஹார்னிங்ஹாமில் கூலி மாதம் ஒருமுறையாவது வந்தது. போனக்காட்டில் ஆலை ஓய்ந்து, ஊதியம் நின்று, பணிக்கொடை நிலுவையாகிக் கிடக்கிறது. அகத்தியர் மலையடிவாரத்தில் உள்ள இத்தோட்டத்துக்கு நகரத்து இளைஞர்கள் பேய் பங்களாவைப் பார்க்க வருகின்றனர். ஒழுகும் லயங்களில் மனிதர்கள் குடியிருப்பது சிலருக்குத்தான் கண்ணில் படுகிறது. ஊதியம் வராத வீட்டில் அடுப்பு எரிவது கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தால். கடைக்காரர் தம் சரக்கைக் கடனுக்கு வாங்கியிருப்பார், அல்லது கைமுதலை முடக்கியிருப்பார். சிலர் திருப்பித் தர முடியாமல் ஊரை விட்டே போகலாம் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. இவை அனைத்தையும் அவர் சோப்பிலும் பருப்பிலும் ஏற்றுகிறார். தேயிலை பறித்துப் பழகிய கை, தேயிலைத் தூளையும் இந்தப் புத்தகத்தில் எழுதித்தான் வாங்குகிறது.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பாருங்கள், தோழர்களே. கொடுக்க வேண்டிய ஊதியத்தை நிறுத்தி வைத்திருப்பது நிர்வாகம். அந்தப் பணத்துக்கு வட்டி கொடுக்க வேண்டியதும் நிர்வாகமே. நடைமுறையில் ஊதியம் பெறாதவர் அந்த வட்டியைக் கடையில் விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் வசூலிப்பவர், வட்டியை உண்டாக்கியவர் வேறிடத்தில் இருக்கிறார். கடைக்காரர் நிரபராதி என்பது இதன் பொருளன்று. எடையில் கை வைப்பவரும், எழுத்தறியாதவரின் புத்தகத்தில் கூட்டி எழுதுபவரும் உண்டு. அவர்களைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கடைக்கு எதிராக மட்டும் நடத்தப்படும் போராட்டம் கடையை மூடச் செய்யும், ஊதியத்தைக் கொண்டுவராது.

கூட்டுறவுக் கடையோ அரசுக் கடையோ வந்தால் தீராதா? 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையும், அதன் வழியில் 1904இல் சென்னையில் எழுந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் பெருமைக்குரியவை. ஆயினும் ராச்டேல் முன்னோடிகளின் கண்டிப்பான விதி, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை என்பது. மாதச் சம்பளக்காரருக்கு அது காப்பு. கூலி வராதவருக்கோ மூடிய கதவு. கேரளத்தில் 1974இல் சிவில் சப்ளைஸ் கழகமும் 1980இல் மாவேலிக் கடைகளும் தொடங்கப்பட்டன. 13 இன்றியமையாப் பண்டங்களின் மானிய விலை 2016 முதல் 2024 பிப்ரவரி வரை உயர்த்தப்படவேயில்லை. சந்தை விலை ஏறிக்கொண்டே போன அந்த எட்டாண்டுகளில் இது பெரும் சாதனை. ஆனால் விலைப்பலகையைக் காப்பதற்கான பணம் கழகத்துக்கு உரிய காலத்தில் வந்து சேரவில்லை. சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி ஏறியது. 2023இல் மானியப் பண்டங்களின் அடுக்குகள் பல இடங்களில் காலியாக நின்றன. இறுதியில் சந்தை விலையில் 35 சதவீதம் குறைவு என்று கணக்கு மாற்றப்பட்டது. பலகையில் மட்டும் உள்ள மலிவு விலையால் உலை கொதிக்காது என்பதை இடதுசாரிகளே முதலில் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் நிதி நெருக்குதல் உண்மை; அதைச் சொல்வதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

எனவே இங்குள்ள கிளைக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. நடமாடும் மாவேலிக் கடை குறித்த நாளில், குறித்த சரக்குடன் மலைக்கு வருவதை உறுதி செய்வது ஒன்று. மற்றது நிலுவையைப் பற்றியது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பணிக்கொடையை 30 நாள்களுக்குள் கொடுக்கப் பணித்தது. தாமதத்துக்கு வட்டியும் உண்டு என்று 1987ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. நிலுவைக் கோரிக்கை எழுதப்படும்போது அசலோடு அந்த வட்டியும் ரூபாய்க் கணக்காக எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பற்றுப் புத்தகத்தை, கடைக்காரரின் ஒப்புதலோடு, தேதிவாரியாகப் படியெடுங்கள். எந்த மாதத்திலிருந்து கடன் ஏறத் தொடங்கியது, ரொக்க விலை என்ன, பற்று விலை என்ன என்பதை அருகருகே எழுதுங்கள். தொழிற்சங்கம் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தத் தாள்கள் மேசை மீது இருக்கட்டும்.