சபை பாடட்டும்

இன்று பட்டம் பெறும் என் அன்பு மாணவச் செல்வங்களே! சங்கீதம் கற்பித்தும் சபைப் பாடகர் குழுக்களைப் பழக்கியும் ஆயுளைக் கழித்தவன் என்ற உரிமையில், நெடுநாளாக என் மனத்தை ஆட்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையே பேச விரும்புகிறேன்.

குருசுமலையும் காளிமலையும் அருகருகே நிற்கும் இந்த வெள்ளறடையில், தவக்காலத்து யாத்திரிகரின் பாட்டையும் உற்சவக் கானமேளையையும் ஒரே காற்றில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். 2022இல் 'ன்னா தான் கேஸ் கொடு' என்னும் மலையாளப் படத்தில், உற்சவக் கூட்டத்தின் நடுவே 'தேவதூதர் பாடி' என்ற பாட்டுக்குக் குஞ்சாக்கோ போபன் ஆடிய ஆட்டம் ஊரெங்கும் பரவியபோது, துதிப்பாட்டுக்கு இந்தக் கதியா என்று பக்தியுள்ள பெரியோர் சிலர் என்னிடம் வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும், 1985இல் 'காதோடு காதோரம்' படத்துக்காக ஓ. என். வி. குறுப்பு எழுதி ஔசேப்பச்சன் இசையமைத்த அப்பாட்டு பிறந்ததே திரையில்தான். நம் இல்லங்களில் பக்திப் பாட்டாகப் பழகி, 37 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் திரைக்கே போயிற்று. 1948இல் வந்த 'ஞானசௌந்தரி'யில் ஜிக்கியும் பெரியநாயகியும் பாடிய மாதா பிரார்த்தனைக்கு இசையமைத்தவர் எஸ். வி. வெங்கட்ராமன், 1969இல் வந்த 'நதி'யில் வயலார் ராமவர்மா எழுதிய கன்னிமரியாள் பாட்டுக்கு இசையமைத்த தேவராஜனோ நாத்திகர். கர்த்தர் தமக்குரிய துதியை எந்தக் கைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ள வல்லவர் என்பதே என் விசுவாசம். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாக ஆடிய தாவீதை அவன் மனைவி மீகாள் பலகணி வழியாகப் பார்த்து இகழ்ந்தாள்; அவள் கண்டது ஆட்டத்தை மட்டுமே, ஹிருதயத்தை அல்ல.

ஆகையால் பாட்டு ஆலயத்தை விட்டு வெளியே போவதைப் பற்றி எனக்கு அச்சமில்லை. ஆலயத்துக்குள்ளேயே சபை வாயடைத்துப் போவதைப் பற்றித்தான் அச்சம்.

நான் மாணாக்கனாக இருந்த காலத்தில் எங்கள் பாடகர் குழுவைப் பழக்கிய ஆசிரியர், ஆராதனை நடக்கும்போது எங்களை ஹார்மோனியக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மெல்ல நடந்து கடைசி வரிசைக்குப் போய், அங்கே பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். மேல் ஸ்தாயியில் அவர்கள் குரல் நின்றுபோனால், அடுத்த பாட்டுக்குச் சுருதியை இறக்கும்படி அங்கிருந்தே கைகாட்டுவார். எங்கள் குரல்வளம் எடுபடவில்லையே என்று நாங்கள் முணுமுணுப்போம். அவர் சட்டை செய்யமாட்டார். சங்கீத சாஸ்திர நூல்கள் பல கற்ற பின்னும், ஆராதனை இசைக்கு அதனினும் உயர்ந்த இலக்கணத்தை நான் கண்டதில்லை. நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்ஸலம் சாஸ்திரியாரின் மலையாளக் கீர்த்தனைகள் இன்றளவும் சபைகளில் வாழ்வதற்கும், எளிய ஜனங்களின் நாவில் அவை ஏறியதே காரணம்.

இன்றோ பல ஆலயங்களில் வர்ண விளக்கும் பெரிய ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. மேடையிலிருப்பவர் பாட, சபையார் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். சினிமாப் பாட்டு ஆராதனையாக மாறியதில் நஷ்டமில்லை. ஆராதனை சினிமாக் கொட்டகையாக மாறினால் நஷ்டம் நமக்கே.

செல்வங்களே, எந்த உத்தியோகத்துக்குப் போனாலும், எந்தத் தேசத்தில் குடியேறினாலும், ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையில் வாய் திறந்து பாடுங்கள். இசைக்குழுவை நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், கடைசி வரிசைப் பாட்டிக்கும் எட்டுகிற சுருதியில் தொடங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக!