முகமும் மாற்றும்: கொஷுத் வெள்ளிக்காசு சொல்லும் வரலாறு



காசுகளையும் பதக்கங்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்து, அவற்றைக் காட்டியே பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். அதனால் ஒரு வெள்ளிக்காசையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். ஹங்கேரியின் தேசிய நாயகர் கொஷுத் லாயோஷின் முகம் பொறித்த 5 ஃபோரிண்ட் காசு அது. புழக்கத்துக்கென்று அடித்த காசுதான். இன்று அது இருப்பதோ சேகரிப்போர் பேழையில்.

தலைவர் முகம் பதித்த வெள்ளி கைக்கு வந்தால் நாம் முகத்தைப் பார்த்து நிறைவடைந்துவிடுகிறோம். கூடவே மாற்றையும், அதாவது வெள்ளியின் தூய்மை அளவையும், வெளியிட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

1. தாளில் ஒரு கையெழுத்து

கொஷுத் 1802இல் மோனோக் என்ற ஊரில் பிறந்தவர், வழக்கறிஞர். 1837இல் ஆஸ்திரிய ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. சிறையிலிருந்தபடியே ஆங்கிலம் கற்றார். 1840இல் விடுதலையாகி, மறு ஆண்டே 'பெஷ்டி ஹீர்லப்' இதழின் ஆசிரியரானார். 1848 புரட்சி அவரை நிதியமைச்சராக்கியது.

ஆஸ்திரியாவை எதிர்த்துப் போர் மூண்டது; போருக்குப் பணம் வேண்டும். நாணயம் அடிக்கும் உரிமையோ பேரரசரின் கையில். கொஷுத் தம் கையெழுத்தோடு தாள் பணம் வெளியிட்டார். மக்கள் அதைக் கொஷுத் பணம் என்றே அழைத்தார்கள். 1849 ஜனவரியில் எதிரிப்படை தலைநகரை நெருங்கியபோது, அந்தப் பணத்தை அச்சடித்த எந்திரங்களைக் கடுங்குளிரில் டெப்ரெட்சென் நகருக்குக் கொண்டுபோனார்கள். அரசு போகுமிடமெல்லாம் அச்சகமும் போனது. அதே நகரின் பெரிய தேவாலயத்தில் 1849 ஏப்ரல் 14 அன்று பேரரசரின் ஹாப்ஸ்பர்க் மரபின் அரசுரிமை பறிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

ஆகஸ்டில் புரட்சி தோற்றது. அக்டோபர் 6 அன்று ஆராட் நகரில் 13 தளபதிகளும், பெஷ்ட் நகரில் முதல் பிரதமர் பத்யானியும் கொல்லப்பட்டார்கள். கொஷுத் பணத்தை ஒப்படைக்கச் சொல்லி, ஈடு எதுவும் தராமல் ஆஸ்திரியர்கள் எரித்தார்கள். கொஷுத்தோ துருக்கிக்குத் தப்பி, பின் லண்டனுக்குப் போனார். அங்கே, வருங்கால விடுதலையை நம்பி மறுபடியும் தாள் பணம் அச்சடிக்கச் சொன்னார். 1861இல் ஆஸ்திரியப் பேரரசரே லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். அந்தத் தாள்களும் அழிந்தன. 1894இல் இத்தாலியின் தூரின் நகரில் கொஷுத் காலமானார். உடல் புடாபெஸ்ட்டுக்குத் திரும்பியது.

2. முகம் மாறவில்லை, மாற்று குறைந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹங்கேரி கண்ட பணவீக்கத்தை இன்றுவரை எந்த நாடும் மிஞ்சவில்லை. 1946 ஜூலையில் விலைகள் ஏறக்குறைய 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தன. அப்போதைய பணமான பெங்கோ தாள்களைத் துப்புரவுத் தொழிலாளர்கள் தெருவில் பெருக்கித் தள்ளினார்கள். ஆகஸ்ட் 1 அன்று ஃபோரிண்ட் வந்தது. ஒரு ஃபோரிண்டுக்கு ஈடு, 4க்குப் பின்னால் 29 சுழியம் போட்ட பெங்கோ.

தாளின் மேல் நம்பிக்கை அடியோடு போன மக்களிடம் புதுப் பணத்தை எப்படிக் கொடுப்பது? வெள்ளியில் கொடுத்தார்கள், அதில் கொஷுத் முகத்தைப் பதித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நாடு குடியரசாகியிருந்தது. மன்னரை நீக்கிய தலைவரைவிடப் பொருத்தமான முகம் வேறில்லை. காசிலுள்ள அரசு முத்திரையிலும் கிரீடம் இல்லை.

இப்போது காசைத் தராசில் வைப்போம். 1946 காசின் எடை 20 கிராம். ஆயிரத்துக்கு 835 பங்கு வெள்ளி. அதாவது 16.7 கிராம் தூய வெள்ளி. 1947 காசின் குறுக்களவு அதே 32 மில்லிமீட்டர். முகமும் அதே, மதிப்பும் அதே 5 ஃபோரிண்ட். எடை மட்டும் 12 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. தூய வெள்ளி 6 கிராமாக இறங்கிவிட்டது. முதல் காசு ஏறக்குறைய 40 ஆயிரம்தான் அடிக்கப்பட்டது. இரண்டாவது ஒரு கோடி. நம்பிக்கையைத் தொடங்கிவைக்க நல்ல வெள்ளி கொஞ்சம் போதுமாயிருந்தது. ஊரெல்லாம் பரப்ப மாற்றுக் குறைந்த வெள்ளி வந்தது. வறண்ட கஜானாவுக்கு வேறு வழியில்லை என்பதையும் நாம் ஒப்ப வேண்டும்.

3. யாருக்கு எத்தனை?

1848 புரட்சியின் நூற்றாண்டுக்கு 1948இல் மூன்று வெள்ளிக்காசுகள் வந்தன. கவிஞர் பெத்தோஃபிக்கு 5 ஃபோரிண்ட், செய்செனி பிரபுவுக்கு 10, தான்சிச்சுக்கு 20. செய்செனியை 'மாபெரும் ஹங்கேரியர்' என்று புகழ்ந்தவர் அவருடைய அரசியல் எதிரியான கொஷுத்தே. தான்சிச் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து, எழுத்துக்காகச் சிறை சென்றவர். பிரபுவுக்கு 10, ஏழைக்கு 20 என்ற வரிசை, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டின் குரல்.

வெள்ளியில் ஏறாத செய்தியும் உண்டு. ருமேனியர், செர்பியர், ஸ்லோவாக்கியர் பலருக்குக் கொஷுத் நாயகரல்லர். அவர்கள் கேட்ட தேசிய உரிமையை 1848இல் அவர் தர மறுத்தார். நாடிழந்த பின்தான், 1862இல், டான்யூப் நாடுகளின் கூட்டாட்சி பற்றிப் பேசினார்.

இளம் சேகரிப்பாளர்களே, கறுத்த வெள்ளியைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். மேற்பரப்பு போனால் மதிப்பும் போகும். காசுக்கு அடியில் வைக்கும் சீட்டில் தலைவர் பெயரோடு நிறுத்திவிடாமல், வெளியிட்ட ஆண்டு, அப்போது ஆண்டவர் யார், எடை, மாற்று ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். முகம், ஒரு நாடு யாரை வணங்க விரும்பியது என்று சொல்லும். அந்த வணக்கத்துக்கு அன்றைக்கு எவ்வளவு செலவழிக்க முடிந்தது என்பதை மாற்றுதான் சொல்லும்.