வறண்ட பகுதிகளுக்கேற்ற கட்டடச் சாந்து



பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆங்கிலேயர் காலத்து வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. அக்காலத்தில் சுவரெழுப்பப் பெரிதும் பயன்பட்டது சுண்ணாம்புச் சாந்து; சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் அதில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரில் வெயிலின் கடுமை குறைவு. அதே மாநிலத்தின் ராய்ச்சூரிலோ கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. இவ்விரு இடங்களிலும் ஒரே சிமெண்டுச் சாந்தைக் கையாளுவது சிக்கனமாகுமா?

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. நீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது. வறண்ட காற்றும் நனைக்கப்படாத செங்கல்லும் நீரை உறிஞ்சிவிட்டால் அவ்வினை பாதியில் நின்றுவிடும். விலை கொடுத்து வாங்கிய சிமெண்டில் ஒரு பகுதி, வெறும் மணலைப் போலச் சுவரில் தங்கிவிடும். சிமெண்டின் அளவைக் கூட்டினால் செலவும் சுருக்க வெடிப்பும் பெருகுமேயன்றி, இக்குறை நீங்காது.

தேவைப்படுவது நீரைப் பிடித்து வைக்கும் சேர்மானமே. சிமெண்டு 1 பங்கு, சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 6 பங்கு என்ற கலவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுண்ணாம்பு நீரைத் தக்கவைக்கிறது. கொத்தனாரின் கரண்டிக்கும் சாந்து இணங்கி வருகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தோன்றிய 'அஸ்த்ரா' அமைப்பின் வழிவந்த ஆய்வுகள், மண் கலந்த சிமெண்டுச் சாந்தின் பயனையும் காட்டியுள்ளன. மண்ணிலுள்ள களி நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் களி மிகுந்தால் சாந்து சுருங்கி வெடிக்கும். ஆலைகளில் தயாராகும் உலர்கலவைகளில் செல்லுலோஸ் வகைப் பொருள்கள் சிறிதளவு சேர்க்கப்படுவதும் இதே நோக்கத்திற்காகத்தான்.

முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தனர். அம்முறையைச் சிமெண்டுக்கு அப்படியே பொருத்தலாகாது. சர்க்கரைப் பொருள் சிமெண்டு இறுகுவதைத் தாமதப்படுத்தும். அளவு மீறினால் இறுகாமலும் செய்துவிடும்.

சேர்மானம் இருப்பினும் செங்கல்லை நனைத்தே அடுக்க வேண்டும். கட்டிய சுவரைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். குடிநீருக்கே அலையும் ஊர்களில் இந்த நீரும் ஒரு செலவினமே. எனவே மதிப்பீடு தயாரிப்போர் சிமெண்டு மூட்டைகளை எண்ணுவதோடு நில்லாமல், அவ்வட்டாரத்தின் வெயில், மண், நீர் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏழையின் வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பணம் அப்போதுதான் உறுதியான சுவராக நிற்கும்.